பாலைவனத்துப் பலகை

அந்தப் பலகையை என்ன சாமான் என்று சொல்லி பஸ்ஸில் ஏற்றுவது என்பதே ஸ்டெபிக்குப் பெரும்பாடாக இருந்தது. கோயம்புத்தூரில் ஊட்டி பஸ் கண்டக்டர் துணியுறையின் மேலாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "இஸ்திரி போடற பலகைங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் அத்தோடு போயிருக்கும். ஸ்டெபி கணக்கு டீச்சர். தப்பு விடைக்கு மார்க் போட்டுப் பழக்கமில்லை. "இல்லைங்க, மணல்ல சறுக்கறது" என்றாள்.

கண்டக்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஊட்டில மணல் ஏதுங்க?" என்றார். நியாயமான கேள்விதான். பலகையைக் கடைசி சீட்டோரம் சாய்த்து வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு அது சரிந்து நிமிர்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மலையேறினாள்.

பலகை அவள் புருஷன் பிராங்ளினுடையது. ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக இருந்தான். பிறந்து வளர்ந்தது ஊட்டி. குளிரில் பிறந்தவனுக்குக் குளிர் உண்டாக்குகிற பிழைப்பு என்று தானே சொல்லிச் சிரிப்பான். ஒரு லீவு நாளில் கூட்டாளிகள் அவனைப் பாலைவனத்துக்கு இழுத்துப் போனார்கள். அங்கே ஆட்கள் மணல் மேட்டின் உச்சியிலிருந்து பலகைமேல் நின்று சர்ரென்று இறங்குவதைப் பார்த்ததும், நாமும் ஒரு கை பார்த்தால் என்ன என்று தோன்றிவிட்டது. அந்த வீடியோவை அன்றைக்கே அனுப்பினான். பலகையின் அடியில் மெழுகுவத்தியை அழுத்தி அழுத்தித் தேய்க்கிறான். நிற்கப் பயந்து உட்கார்ந்துகொள்கிறான். பாதி மேடு வரைக்கும் ராஜா மாதிரி இறங்குகிறான். அப்புறம் பலகை ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். வாய் நிறைய மணலோடு எழுந்து கேமராவைப் பார்த்து, "ஜெனிஸ், அப்பா வர்றப்ப இதுல ஒண்ணு வாங்கிட்டு வர்றேன். நம்மூர்ல புல்லு மேல சறுக்கலாம்" என்கிறான். மகள் ஜெனிஸ் அந்த வீடியோவை எத்தனை தரம் பார்த்தாள் என்பதற்குக் கணக்கில்லை.

சொன்னபடி பலகை வந்தது. அவனும் வந்தான். பலகை அவனுடைய மற்றச் சாமான்களோடு வந்தது. அவன் பெட்டியில் வந்தான்.

தூக்கத்திலேயே மாரடைப்பு. தவக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால். காகித வேலையெல்லாம் முடிந்து வந்து சேர நாளாகிவிட்டது. பெட்டியைத் திறக்க வேண்டாம், பிள்ளை பார்த்தால் தாங்காது என்று பெரியவர்கள் சொன்னார்கள். ஸ்டெபி சரி என்றாள். ஜெனிஸ் மட்டும், "திறங்க, நான் அப்பாவப் பாக்கணும்" என்று பெட்டியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தது ஸ்டெபிதான். அப்போதும் அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

ஊர் வாய்க்கு மூடி போட முடியுமா? கல்நெஞ்சுக்காரி என்றார்கள். வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தாள், நாற்காலி எடுத்துப் போட்டாள், முப்பதாம் நாள் பூசைக்கு யார் யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவர்களுக்கெல்லாம் சொன்னாள். லீவு முடிந்த அன்றே பள்ளிக்கூடம் போய்ப் பின்னக் கணக்கு நடத்தினாள். பார்த்தவர்களுக்கு அழுகை வந்தது. அவளுக்கு மட்டும் எதுவும் வரவில்லை.

அவளைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. கல்யாணமான காலத்தில் முக்கால்வாசி அவன் அங்கேதான் இருந்தான். வருஷத்தில் ஒரு தரம் டிசம்பரில் வருவான், கிறிஸ்மஸ் குடில் கட்டுவான், பொங்கலுக்குள் போய்விடுவான். மற்ற நாளெல்லாம் புருஷன் என்பவன் சாயங்காலம் போனில் தெரிகிற முகம். "ஏனுங்க, கேட்டீங்களா" என்று ஆரம்பித்து, பால் திரிந்தது, ஜெனிஸுக்கு இருமல், எதிர்வீட்டு நாய் குட்டி போட்டது என்று அன்றன்றைக்கு நடந்ததை ஒன்று விடாமல் அந்த முகத்திடம் சொல்வாள். அவன் இல்லாத வீட்டில் குடித்தனம் நடத்த அவள் எப்போதோ பழகியிருந்தாள். இப்போதும் அவன் அதே மாதிரிதான் இல்லை. பீரோவில் அவன் சட்டை அதே மாதிரிதான் தொங்கியது. அழுது பார்க்கலாமென்று ஒருநாள் அதை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். சோப்பு வாசனைதான் வந்தது. சப்பணம் போட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, தொட்டால் தொட்டது தெரியும், ஆனால் கால் வேறு யாருடையதோ போலிருக்கும், அப்படித்தான் இருந்தது அவளுக்கு.

பிராங்ளினை அவன் அப்பா அம்மா இருக்கிற ஊட்டிக் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்தார்கள். அடக்கத்துக்கு வந்த ஜெனிஸ் திரும்பிப் போக மாட்டேன் என்றுவிட்டாள். ஊட்டியிலேயே, பெர்ன்ஹில்லில், அவளுடைய அத்தை வீடு. அத்தை சகாயமேரி பிராங்ளினுக்கு அக்கா. அவள் புருஷன் அம்புரோஸ் எஸ்டேட் ஆபீஸில் கிளார்க். பிள்ளையில்லாத வீடு. பரீட்சை எழுத மட்டும் ஜெனிஸ் கோயம்புத்தூர் வந்துவிட்டு, அந்த வீட்டுக்கே போய்விட்டாள். ஜூனில் அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். ஏன் அம்மாவோடு போகவில்லை என்று அத்தை கேட்டதற்கு, "அம்மா கூட இருந்தா எனக்கும் அழுக வரமாட்டேங்குது அத்தை" என்றாளாம். சகாயமேரி அதை ஸ்டெபியிடம் மறைக்கவில்லை.

போன வாரம் சகாயமேரியே போன் செய்தாள். "ஸ்டெபி, உன் புள்ளய நானாப் புடிச்சு வெச்சுக்கல. அவ இங்க இருக்கறது எனக்குச் சந்தோசந்தான், அதையும் மறைக்கல. ஆனா அங்கயும் இல்லாம இங்கயும் இல்லாம எத்தன நாளைக்கு? கல்லறத் திருநாளுக்கு வர்றீல்ல, நேராக் கேட்டுரு. கிறிஸ்மஸுக்கு உன் ஊட்டுக்கு வர்றேன்னு சொன்னான்னா அப்படியே கூட்டி வெச்சுக்க. வரமாட்டேன்னா, பத்தாவது முடியற வரைக்கும் இங்கயே படிக்கட்டும். அதுக்கப்புறம் நீயும் கேக்காத, நானும் கேக்கல."

"சரிங்கண்ணி" என்றாள் ஸ்டெபி.

வெறுங்கையோடு போய்க் கேட்கத் தைரியம் வரவில்லை. பரண் மேல் கிடந்த பலகையை இறக்கினாள். லஞ்சம் என்று அதற்குப் பேர் வைக்கலாம். வைத்தாலும் அவள் மறுத்திருக்க மாட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் பெர்ன்ஹில் போய்ச் சேர்ந்தாள். ஜெனிஸ் பலகையைப் பார்த்தாள். உறைக்குள் இருந்தாலும் அது என்ன என்று அவளுக்குத் தெரியாதா? "சாப்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கல்லறைத் திருநாள். அந்த ஊரில் திருநாளுக்கு முன்பே அவரவர் குடும்பத்துக் கல்லறையில் களை பிடுங்கி, வெள்ளையடித்து, பேரையும் தேதியையும் கறுப்புப் பெயிண்டில் மறுபடி எழுதிவிடுவார்கள். இந்தத் தடவை வெள்ளையடித்து முடித்ததும் மழை பிடித்துக்கொண்டது. "காஞ்சாத்தான எழுதறதுக்கு, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றுவிட்டார் அம்புரோஸ். மற்றவர்களும் அப்படியே விட்டிருந்தார்கள். ஆகவே பூசை முடிந்து ஜனங்கள் போனபோது, தோட்டத்தில் பாதிக் கல்லறைக்குப் பேர் இல்லை. எல்லாம் ஒரே அளவு சிமென்ட் மேடு, ஒரே மாதிரி சிலுவை, ஒரே வெள்ளை. மேலே மூடுபனி வேறு.

சகாயமேரி கோயில் வாசலில் யாரோடோ பேச்சில் மாட்டிக்கொண்டாள். ஜெனிஸ் அத்தை பக்கத்தில் நின்றாள். ஸ்டெபி எந்த வேலையையும் தள்ளிப்போடத் தெரியாதவள், மெழுகுவத்தியும் சாமந்திப்பூவும் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். கற்பூர மரத்தடி வரிசை என்பது நினைவிருந்தது. மரத்தடியில் போய் மண்டி போட்டாள். பூவைப் பரப்பினாள், மெழுகுவத்திகளைக் கொளுத்தித் தலைமாட்டில் வரிசையாக ஒட்டி வைத்தாள், செபமாலையை எடுத்து முழுசாகச் சொன்னாள். சொல்லும்போது ஏதாவது வருகிறதா என்று உள்ளே பார்த்துக்கொண்டே சொன்னாள். முழங்கால் வலித்தது. அவ்வளவுதான்.

"ஏனுங்க, நீங்க அம்மாளுக்குச் சொந்தமுங்களா?"

நிமிர்ந்தாள். பூக்கூடையோடு ஒருவர் குடும்பமாக நின்றுகொண்டிருந்தார்.

"எந்த அம்மாளுக்குங்க?"

"இது எங்கம்மாளுங்க. ஞானமணி. நீங்க இவ்வளவு நேரம் செபம் பண்றதப் பாத்துட்டு, யாரோ பழக்கமானவங்களாட்ட இருக்குதுன்னு நின்னோம்."

அவருக்குப் பின்னால், அடுத்த கல்லறைக்குப் பக்கத்தில், சகாயமேரியும் ஜெனிஸும் நின்றிருந்தார்கள். எப்போது வந்தார்களோ. ஜெனிஸ் தன் காலடியிலிருந்த வெள்ளை மேட்டைக் காட்டினாள்.

"அப்பா இங்க இருக்காரு" என்றாள்.

ஸ்டெபி எழுந்து, எரிகிற மெழுகுவத்திகளை எடுக்கக் கையை நீட்டினாள். அந்த மனிதர் பதறிவிட்டார். "ஏத்தி வெச்சத எடுக்கக் கூடாதுங்க. இருக்கட்டும், இருக்கட்டும். செபம் யாருக்குப் பண்ணுனாலும் போற எடத்துக்குப் போய்ச் சேருமுங்க." நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் ஆறுதல் சொல்லும்போதுதான் மானம் அதிகமாகப் போகிறது. பிராங்ளினுக்கு அக்கா ஏற்றிய மெழுகுவத்தி மட்டும் எரிந்தது. ஸ்டெபி கையில் மிச்சம் ஒன்றும் இல்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது ஜெனிஸ் கேட்டாள். "பேரு எழுதலைன்னா அப்பாவத் தெரியாதா உனக்கு?"

"எல்லாம் ஒரே வெள்ளையா இருந்துச்சு ஜெனிஸ்."

விடை சரிதான். ஆனால் அந்தக் கேள்விக்கு அது விடை இல்லை என்பது கணக்கு டீச்சருக்கே தெரிந்தது. இனிமேல் கிறிஸ்மஸைப் பற்றி எந்த முகத்தோடு கேட்பது? கேட்காமலே பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தாள். அதற்காவது வருத்தம் வரவேண்டும். வருத்தம் வரவேண்டிய இடம் இதுதான் என்று மட்டும் தெரிந்தது.

மத்தியானம் வெயில் அடித்தது. சாப்பிட்டு முடித்ததும் சகாயமேரி இரண்டு பேரையும் வாசலுக்குத் தள்ளினாள். "அந்தப் பலகைய எடுத்துட்டு வெளிய போங்க. ஊட்டுக்குள்ளயே இருந்தா ரெண்டு பேரும் செவுத்தயே பாத்துட்டு உக்காந்திருப்பீங்க. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குது."

வீடுகளுக்குப் பின்னால் ஒரு புல் சரிவு இருக்கிறது. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போட்டுச் சறுக்குகிற இடம். இன்றைக்கு ஒருவரும் இல்லை. காய்ந்தும் காயாத புல், கீழே ஒரு பள்ளம், அதற்கப்பால் தேயிலை. உச்சியில் நின்று ஸ்டெபி உறையின் ஜிப்பைத் திறந்தாள். தையலோரத்திலிருந்து கொஞ்சம் மணல் அவள் கையில் கொட்டியது. செந்நிறத்தில், மாவு மாதிரி நைசான மணல். உறைக்குள் இன்னும் இருந்தது. போகும்போது உதறிவிட்டுத்தான் மடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். ஜெனிஸ் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தாள்.

பலகையைப் புல்மேல் வைத்து ஜெனிஸ் உட்கார்ந்தாள். நகரவில்லை. ஸ்டெபி முதுகில் கைவைத்துத் தள்ளினாள். ஆணி அடித்த மாதிரி நின்றது. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். ஸ்டெபி புல்லைக் குறை சொன்னாள், ஈரத்தைக் குறை சொன்னாள், சரிவு போதாது என்றாள்.

"மெழுகு தேய்க்கணும்" என்றாள் ஜெனிஸ். "அப்பா தேய்ப்பாருல்ல, வீடியோல."

சனிக்கிழமையிலிருந்து அவள் பேசியதில் அதுதான் நீளமான பேச்சு. ஸ்டெபி உடனே அவளையும் கூட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள். முதல் கடையில் மெழுகுவத்தி இல்லை. அடுத்த கடையிலும் இல்லை. "திருநாளன்னிக்கு மத்தியானத்துக்கு மேல வந்து மெழுகுவத்தி கேட்டா எங்கீங்க போறது? காலைலயே தீந்துருச்சு. எல்லாம் கல்லறையிலதான் இருக்கும்" என்றார் கடைக்காரர்.

அவர் விளையாட்டாகச் சொன்னார். அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் பனி விலகியிருந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. ஒவ்வொரு தலைமாட்டிலும் மெழுகு உருகி ஓடி உறைந்து கிடந்தது. இந்தத் தடவை ஸ்டெபி தப்பு செய்யவில்லை. நேராகப் பிராங்ளின் முன்னால் போய்க் குனிந்தாள்.

"அப்பாவோடத எடுக்காத" என்றாள் ஜெனிஸ். "அது அப்பாவுக்கு ஏத்துனது."

"அப்புறம் வேற எங்க எடுக்கறது?"

ஜெனிஸ் பக்கத்துக் கல்லறையைக் காட்டினாள். "அது நீ வெச்சதுதான."

"ஏத்துனத எடுக்கக் கூடாதுன்னு அந்த அண்ணன் சொன்னாரே."

"எரியறப்பதான் எடுக்கக் கூடாது. இப்ப அணஞ்சிருச்சு. இனி வெறும் மெழுகு."

ஸ்டெபி யோசித்தாள். வாதத்தில் ஓட்டை தெரியவில்லை. வீட்டுச் சாவியை எடுத்து ஞானமணியம்மாளின் தலைமாட்டில் உறைந்திருந்ததைச் சுரண்டினாள். வெள்ளைச் சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது. சுரண்டச் சுரண்டத் திருடுகிற மாதிரி கை கூசியது. "ஞானமணியம்மா, மன்னிச்சுக்கங்க. கொஞ்சம் மெழுகு எடுத்துக்கறோம்" என்று வாய்விட்டே சொன்னாள்.

"அவங்க நல்லவங்களாத்தான் இருப்பாங்க" என்றாள் ஜெனிஸ்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"காலைல அத்தனை நேரம் பிராங்ளின் பிராங்ளின்னு செபம் பண்ணுனியே, ஒண்ணும் சொல்லலியே."

சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பா, அழுகையா என்று ஸ்டெபிக்குப் பிடிபடவில்லை. கிளம்பும்போது ஜெனிஸ் மரத்திலிருந்து விரல் விட்டு எண்ணிக் காட்டினாள். "மொதல்ல அவங்க. ரெண்டாவது அப்பா. ஞாபகம் வெச்சுக்க."

மறுபடி சரிவின் உச்சி. ஜெனிஸ் பலகையைக் கவிழ்த்துப் போட்டு, வீடியோவில் அப்பா செய்தபடியே நுனியிலிருந்து நுனிவரை அழுத்தித் தேய்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். பலகை மெல்ல அசைந்து, யோசித்து, சட்டென்று கிளம்பியது. பாதிச் சரிவு வரைக்கும் போய் நின்றது. பலகையைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்து மறுபடி உட்கார்ந்தாள். மறுபடி இறங்கினாள். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை, பாடம் படிக்கிறவள் மாதிரி செய்தாள். யாரையோ திருப்திப்படுத்த வேண்டும் என்பது போலச் செய்தாள்.

தன் முகம்தான் அது என்று ஸ்டெபிக்குத் தெரிந்தது. காப்பி கொடுத்துக்கொண்டு நின்ற முகம். பயமாக இருந்தது. இதற்கு மேல் தள்ளிப்போடக் கூடாது என்று, ஜெனிஸ் அடுத்த தரம் ஏறி வந்ததும் கேட்டுவிட்டாள்.

"ஜெனிஸ், கிறிஸ்மஸுக்கு ஊட்டுக்கு வர்றியா?"

"வந்து?"

"குடில் கட்டலாம்."

"யாரு கட்டுவா? அப்பாதான கட்டுவாரு. உனக்குக் கட்டத் தெரியாது."

உண்மைதானே. அட்டையும் வைக்கோலும் எடுத்துக் கொடுத்திருக்கிறாள், பிறகு கூட்டிப் பெருக்கியிருக்கிறாள். கேட்க வந்ததைக் கேட்டாயிற்று, பதிலும் வந்தாயிற்று என்று நின்றாள். ஜெனிஸ் பலகையை அவள் காலடியில் போட்டாள்.

"நீ சறுக்கு."

"நானா? எனக்கு இதெல்லாம் வராது."

"அப்பாவுக்கு மட்டும் வந்துச்சா? பயந்துட்டேதான் உக்காந்தாரு."

மறுத்துப் பேசவும் தெம்பில்லை. பஸ்ஸில் உட்கார் என்றால் உட்காருகிற மாதிரி ஸ்டெபி பலகையில் உட்கார்ந்தாள். சுடிதாரை இழுத்துச் சொருகிக்கொண்டாள். முதுகில் மகளின் இரண்டு கையும் பட்டன. எத்தனை மாதம் கழித்துப் படுகிற கை என்று நினைப்பதற்குள் ஜெனிஸ் தள்ளிவிட்டாள்.

ஸ்டெபி கனமான ஆள். பலகை பாதியில் நிற்கவில்லை. புல் இரண்டு பக்கமும் சீறிக்கொண்டு பின்னால் ஓடியது. காற்று கண்ணில் அறைந்தது. வயிறு எங்கேயோ மேலேயே தங்கிவிட்டது. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை, நிறுத்த வழி தெரியவில்லை. பள்ளம் எதிரே வந்தது. பயம் என்றால் அப்படி ஒரு பயம். போன மாசியிலிருந்து அவள் எதற்கும் பயந்திருக்கவில்லை. மொத்தத்தையும் சேர்த்து வைத்து ஒரே நேரத்தில் பயந்த மாதிரி, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"ஏனுங்க!"

பலகை ஒரு பக்கம் போனது. அவள் ஒரு பக்கம் போனாள். இரண்டு உருண்டு, முகம் குப்புறப் புல்லில் கிடந்தாள். வாய் நிறையப் புல்லும் மண்ணும்.

ஜெனிஸ் மேலிருந்து ஓடி வந்தாள். ஓடி வரும்போதே சிரித்தாள், நிற்காத சிரிப்பு. "அப்பா மாதிரியே விழுந்தியேம்மா, அப்படியே அதே மாதிரி" என்று அவளால் சொல்லி முடிக்க முடியவில்லை. ஸ்டெபி எழுந்து உட்கார்ந்து மண்ணைத் துப்பினாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. மூக்கில் மண், தலையில் புல், சிரிக்கச் சிரிக்க விலா வலித்தது. இப்படி ஒரு கூத்தை இன்றைக்கே சொல்லியாக வேண்டும். ஸ்வெட்டர் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தாள், பேரைத் தேடினாள், வீடியோ கால் அழுத்தினாள், கையை நீட்டிப் பிடித்தாள்.

ஜெனிஸ் பழக்கத்தில் வந்து கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டாள். முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

எதிர்முனையில் எடுக்கும் வரைக்கும் திரையில் நம் முகம்தானே தெரியும்? இரண்டு முகம் தெரிந்தன. மண் அப்பிய ஒரு முகம், சிரித்துச் சிவந்த ஒரு முகம். கீழே பிராங்ளின் என்ற பேர். அழைக்கிறது, அழைக்கிறது என்று காட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் அந்த இரண்டு முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"எடுக்கலியே" என்றாள் ஸ்டெபி. "குளிச்சுட்டு இருப்பாரு."

வழக்கமாகச் சொல்வதுதான். வாயிலிருந்து வந்த பிறகுதான் அவள் காதில் விழுந்தது. அவனுடைய போன் கோயம்புத்தூரில், பீரோவின் கீழறையில், சாமான்களோடு வந்த நாளிலிருந்து அணைந்து கிடக்கிறது. அதை அங்கே வைத்துப் பூட்டியது அவளேதான்.

அன்றைக்குத்தான் அவளுக்குப் பிராங்ளின் செத்தான். பெட்டி வந்த அன்று இல்லை, மண் போட்ட அன்று இல்லை. பெர்ன்ஹில்லில், ஒரு புல் சரிவின் அடியில், சொல்வதற்கு ஒரு விஷயம் கிடைத்து, அதைச் சொல்ல ஆள் இல்லாதபோது செத்தான். ஸ்டெபியின் வாய் கோணியது. திரையில் அந்த முகம் உடைவதை அவளே பார்த்தாள். முதலில் சத்தம் வரவில்லை. பிறகு வந்தது. பள்ளத்துக்கு அந்தப்புறம் கேட்கிற அளவுக்கு வந்தது. இனி யாரைக் கூப்பிடுவேன், எனக்குச் சொல்ல யாருமில்லையே என்று அழுதாள்.

அழுதுகொண்டே சிவப்புப் பொத்தானை அழுத்தப் போனாள். ஜெனிஸ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கன்னமும் நனைந்திருந்தது.

"கட் பண்ணாதம்மா. தானா நிக்கட்டும்."

தானாக நின்றது. திரை இருண்டது. அதற்குப் பிறகும் இருவரும் ஒட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தடவை ஜெனிஸ், "அன்னிக்கு அப்பாவ நீயும் பாக்கலில்ல" என்றாள். ஸ்டெபி இல்லை என்று தலையை ஆட்டினாள். "பாத்திருக்கணும் ஜெனிஸ். உன்னையும் உட்டிருக்கணும்" என்றாள். மகள் அம்மாவின் தலையிலிருந்த புல்லை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள்.

வெயில் இறங்கியது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஸ்டெபி துப்பட்டாவில் முகத்தையும் மூக்கையும் துடைத்துக்கொண்டாள், பலகையைக் கண்டெடுத்துக்கொண்டு மேலே ஏறினாள். உறை புல்லில் கிடந்தது. உள்ளே மணல் இருப்பது நினைவுக்கு வந்து, உதறுவதற்காக அதைத் தலைகீழாகத் திருப்பினாள்.

ஜெனிஸ் உறையின் வாயை இரண்டு கையாலும் பிடித்து மூடினாள்.

"கொட்டிராதம்மா. குடிலுக்கு ஆகும்."

"எந்தக் குடிலுக்கு?"

"நம்ம ஊட்டுக் குடிலுக்குத்தான். ஒட்டகம் நிக்கற எடத்துல போடலாம். நான் வந்து போடறேன்."

ஸ்டெபி பலகையை மெதுவாக உள்ளே நுழைத்தாள். ஜிப்பை இழுத்து மூடி, சரியாக மூடியிருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை தடவிப் பார்த்தாள்.